கபினியா, தேக்கடியா, பரம்பிக்குளமா, பரளிக்காடா?

நம்ம கொங்கு நாட்டுக்குக் கடற்கரை கிடையாது, அணைக்கரை உண்டு. யானை, காட்டெருமை, முதலை, நீர்நாய் எல்லாவற்றையும் தண்ணீரில் இருந்தபடியே பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்குக் காரில் எட்டும் தூரத்தில் நான்கு இடங்கள் இருக்கின்றன. எங்கே போகலாம் என்று கேட்பவர்களிடம் நான் முதலில் திருப்பிக் கேட்பது, எந்த மாதம் போகிறீர்கள் என்றுதான்.

மழை பெய்து காடு பசுமையாக இருக்கையில் யானைக்கு உள்காட்டுக் குட்டையிலேயே தண்ணீர் கிடைத்துவிடும். மாசி, பங்குனிக்கு மேல் குட்டைகள் வறண்டுபோகும். அணையில் நீர்மட்டம் இறங்க இறங்க, மூழ்கிக் கிடந்த மண் வெளியே வந்து அதில் இளம்புல் முளைக்கும். தண்ணீரும் தீனியும் ஒரே இடத்தில் இருக்கும்போது விலங்கு வேறு எங்கே போகும்? பள்ளிக்கூட லீவும் அந்தச் சமயத்திலேயே வருவது நம் பிள்ளைகளின் அதிர்ஷ்டம்.

யானைதான் பார்க்க வேண்டும் என்றால் கபினியை அடிக்க ஆளில்லை. கர்நாடகத்தில் 1974இல் கட்டிய பீச்சனஹள்ளி அணையின் நீர்த்தேக்கம் அது. ஒரு பக்கம் நாகரஹொளே காடு, மறுபக்கம் பந்திப்பூர் காடு. ஏப்ரல், மே மாதங்களில் சுற்றுக் காடுகளிலிருந்து கூட்டம் கூட்டமாக யானைகள் இறங்கும். படகு கரையை ஒட்டிப் போகும்போது ஒரே ஒரு யானையை மட்டும் உற்றுப் பாருங்கள். துதிக்கையால் புல்லைச் சுருட்டிப் பிடிக்கும், முன்காலால் உதைத்துக் கிளப்பும், வேரில் ஒட்டிய மண்ணைக் காலில் தட்டி உதிர்த்துவிட்டுத்தான் வாயில் வைக்கும். குட்டி பக்கத்தில் நின்று அதையே செய்து பழகும். ஜீப்பில் போனால் இத்தனை நிதானமாகப் பார்க்கக் கிடைக்காது.

செலவுதான் கூடுதல். விடுதியில் தங்கி, சபாரியையும் சேர்த்துப் பணம் கட்டுவதுதான் பெரும்பாலும் அங்கே வழக்கம். நாலு பேர் குடும்பத்துக்குக் கையைக் கடிக்கும். சத்தியமங்கலம் வழியாகப் போகிறவர்கள் இன்னொன்றையும் கணக்கில் வைக்க வேண்டும்: திம்பம் மலைப்பாதையில் 2022 பிப்ரவரியிலிருந்து இரவுப் போக்குவரத்துக்குத் தடை இருக்கிறது. விடிந்ததும் பண்ணாரி அம்மனைக் கும்பிட்டுவிட்டு மலையேறினால் நேரம் சரியாக இருக்கும். அந்தத் தடையைச் சலித்துக்கொள்கிறவர்கள் உண்டு; எனக்கு அது முழுக்க நியாயமாகவே படுகிறது. நாம் பார்க்கப் போகிற விலங்குதானே இரவில் அந்த ரோட்டைக் கடக்கிறது? ஆடியில் மட்டும் கபினி வேண்டாம். வயநாட்டு மழையில் அணை ஏறி, புல்வெளி தண்ணீருக்குள் போயிருக்கும்.

கேரளத்துத் தேக்கடி பேர் பெற்ற இடம். 1895இல் கட்டி முடித்த முல்லைப் பெரியாறு அணையால் உண்டான ஏரி. அன்றைக்கு மூழ்கிய மரங்களின் பட்டுப்போன முனைகள் இன்னமும் நீருக்கு மேலே நிற்கின்றன. அதில் பாம்புத்தாராப் பறவை சிறகை விரித்து வெயில் காயும் அழகு தனி. ஆனால் படகு பெரிது, கூட்டம் அதிகம், ஒரு மான் தெரிந்தாலே கூச்சல். 2009 செப்டம்பர் 30 அன்று இங்கே ஜலகன்யகா என்ற படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். கரையில் யானை நிற்கிறது என்று யாராவது கத்தினாலும் ஒரே பக்கமாக எழுந்து ஓடாதீர்கள். லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றாதீர்கள். கம்பம் பக்கம் வேறு வேலை இருந்தால் சேர்த்துப் பார்க்கலாம். இதற்கென்றே கோவையிலிருந்து கிளம்பிப் போகச் சொல்ல மாட்டேன்.

என் ஓட்டு பரம்பிக்குளத்துக்கு. பொள்ளாச்சி, சேத்துமடை, டாப்சிலிப் தாண்டினால் கேரள வனத்துறையின் காடு. அங்கே தேங்குகிற தண்ணீர்தான் பரம்பிக்குளம் ஆழியாறு திட்டத்தில் மலையைக் குடைந்து வந்து பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் தோட்டங்களுக்குப் பாய்கிறது. வாய்க்கால் மடையில் பார்த்துப் பழகிய தண்ணீரை அதன் பிறந்த வீட்டிலேயே போய்ப் பார்ப்பது போல இருக்கும்.

இங்கே ஓடுவது மூங்கில் தெப்பம். இன்ஜின் சத்தம் இல்லை, டீசல் வாடை இல்லை. துடுப்புப் போடுகிறவர்கள் அந்தக் காட்டிலேயே பிறந்து வளர்ந்த பழங்குடி மக்கள். விலங்கு நம் கண்ணுக்குப் படும் முன்பே அவர்களுக்குத் தெரிந்துவிடும். கரையில் கிடந்த கட்டையைக் காட்டி, "சத்தம் போடாதீங்க சார், அது முதலை" என்றார் ஒருவர். வாயைப் பிளந்தபடி அசையாமல் கிடந்தது. உடம்புச் சூட்டைத் தணிக்க அப்படித் திறந்து வைத்திருக்கும். 2010இல் புலிகள் காப்பகமாக அறிவித்த காடுதான், ஆனாலும் புலியை நம்பிப் போகாதீர்கள். காட்டெருமையும் மிளா மானும் தண்ணீர் குடிக்க வந்து, தெப்பத்தைப் பார்த்துவிட்டு, ஓடாமல் மறுபடி குனிந்து குடிப்பதைப் பார்த்தால் போதும். தெப்பத்தில் இடம் குறைவு. முன்பதிவு செய்துவிட்டே கிளம்புங்கள்.

பரளிக்காட்டில் விலங்குக்கு உத்தரவாதம் கிடையாது. எதிர்க்கரையில் மான், எப்போதாவது யானை. ஆனால் காரமடை, வெள்ளியங்காடு வழியாகப் போய்ச் சாயங்காலமே வீடு திரும்பிவிடலாம். பில்லூர் அணையில் பரிசல், மதியம் ஊர்க்காரர்கள் சமைத்த சாப்பாட்டோடு ராகிக் களி, அப்புறம் ஆற்றுக் குளியல். வனத்துறை அங்குள்ள பழங்குடி மக்களைச் சேர்த்துக்கொண்டு நடத்துவதால் நாம் கொடுக்கும் காசில் அவர்களுக்கும் பங்கு போகிறது. முதல் முறை காட்டுக்குப் போகும் சின்னப் பிள்ளைகளுக்கு இதுவே போதும். முழங்கால் வலியுள்ள பெரியவர்கள் கூட வந்தால் மட்டும் யோசியுங்கள்: பரிசலில் காலை மடக்கித்தான் உட்கார வேண்டும். அவர்களுக்குக் கபினிப் படகின் இருக்கைதான் தோது.