பிளாக் சபாத்தின் முதல் இசைத்தட்டு: வாங்கலாமா?

கப்பலூர் சிட்கோவில் தகடு வெட்டி வளைக்கிற பட்டறை வைத்திருக்கிறேன். பீரோ, கரண்ட் போர்டு பெட்டி எல்லாம் செய்கிறோம். கொஞ்ச நாளாக ராத்திரி பிளாக் சபாத் என்கிற இங்கிலாந்து மெட்டல் (கனமான ராக் இசை) குழுவின் முதல் ஆல்பத்தை எல்பி தட்டில் கேட்கிறேன். போனிலேயே சும்மா கிடைக்கிறதே, இதற்குப் போய்க் காசு கொடுக்கலாமா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். தாராளமாகக் கொடுக்கலாம்.

குழுவில் நாலு பேரும் இங்கிலாந்தின் பர்மிங்காமில் ஆஸ்டன் பக்கத்துப் பையன்கள். தொழிற்சாலை ஊர். பாடுகிற ஓசி ஆஸ்போர்ன் கசாப்புக்கூடத்தில் வேலை பார்த்தவர். கிதார் வாசிக்கும் டோனி அயோமி 17 வயதில் தகடு வேலைக்குப் போனார். வேலையை விட்டு நிற்கப்போகிற கடைசி நாளில், மெஷின் அவருடைய வலது கையில் நடுவிரல் நுனியையும் மோதிர விரல் நுனியையும் எடுத்துவிட்டது. அவர் இடது கைக்காரர். அதனால் தந்தியை அழுத்த வேண்டியதே அந்த வலது கைதான். எங்கள் தொழிலில் விரல் போனவர்களைப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். காயம் ஆறினாலும் மெஷின் பக்கம் போகவே மனசு வராது. அயோமி பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரல் நுனிக்கு உறை செய்து, அதன்மேல் தோல் ஒட்டி, மெல்லிய தந்தி பூட்டி மறுபடி வாசித்தார். அப்புறம் சுருதியையும் இறக்கினார். 1971இல் வந்த மூன்றாவது ஆல்பத்தில் அந்தக் கனம் நன்றாகத் தெரியும். முதல் தட்டிலேயே அதற்கு விதை இருக்கிறது.

1968இல் சேர்ந்தவர்கள் எர்த் என்ற பெயரில் வாசித்தார்கள். அதே பெயரில் இன்னொரு குழு இருந்ததால் 1969இல் பிளாக் சபாத் ஆனார்கள். அந்த அக்டோபரில் லண்டனில் ஒரே நாளில் இந்த ஆல்பத்தை வாசித்து முடித்தார்கள். மேடையில் வாசிப்பதை அப்படியே பதிவு செய்தது போலத்தான் கேட்கிறது. 1970 பிப்ரவரி 13, வெள்ளிக்கிழமை வெளியானது. விமர்சகர்கள் பலர் திட்டினார்கள். ஆனாலும் பிரிட்டன் பட்டியலில் 8ஆம் இடம் வரை ஏறியது.

முள்ளை வைத்ததும் மழை, தூரத்தில் மணி. அப்புறம் மூன்றே சுரம். திருப்பரங்குன்றத்திலிருந்து வந்திருந்த பெரியப்பா நாதஸ்வரக்காரர். ஒரு தடவைதான் கேட்டார். “சட்ஜமம், மேல் சட்ஜமம், பிரதி மத்யமம். இவ்வளவுதானப்பா, இதை வச்சே மிரட்டுறானே!” என்றார். சட்ஜமத்துக்கும் பிரதி மத்யமத்துக்கும், அதாவது ‘ச’வுக்கும் உயர்ந்த ‘ம’வுக்கும், நடுவில் உள்ள அந்த இடைவெளியை மேற்கே சாத்தானோடு சேர்த்துப் பேசுவார்கள். நாம் அதே சுரத்தைக் கல்யாணி ராகத்தில் ஆசையாகக் கேட்கிறோம். இவர்கள் அதை ராகமாக வளர்க்காமல், அங்கேயே நிறுத்தி நிறுத்தி அடிக்கிறார்கள். அதில்தான் அந்தப் பயம் பிறக்கிறது.

போனில் கீசர் பட்லரின் பாஸ் கிதார் (கீழ்ச் சுரங்களை வாசிக்கும் கிதார்) பாதி காணாமல் போகும். தட்டில் முழுசாக வருகிறது. ‘என்.ஐ.பி.’ பாட்டு தொடங்கும் முன்னால் அவர் தனியாக வாசிக்கிற இடத்தைச் சத்தம் கூட்டிக் கேளுங்கள். பில் வார்டின் டிரம்ஸில் ஜாஸ் பழக்கம் இருக்கிறது, இடிப்பதற்கு நடுவிலும் லேசாக ஆடுகிறது. மெட்டல் என்றாலே வேகம் என்று நினைக்கிறவர்கள் இதைக் கட்டாயம் கேட்க வேண்டும்.

குறையும் உண்டு. இரண்டாம் பக்கத்தில் ‘வார்னிங்’ பாட்டு பத்து நிமிஷத்துக்கு மேல் ஓடுகிறது. கிதார் தனியாவர்த்தனம் ஒரு கட்டத்துக்கு மேல் இழுவை, எனக்கு அது பிடிக்கவில்லை. கூரியரில் வந்த அட்டையின் மூலை மடங்கிப்போயிருந்தது, தட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. அட்டையில் இங்கிலாந்தின் மேப்பிள்டரம் நீராலை (தண்ணீரில் ஓடும் மாவு ஆலை), அதன் முன்னால் கறுப்பு உடையில் ஒரு பெண். அந்தப் படத்தைப் பெரிய அட்டையில் பார்க்க நன்றாக இருக்கிறது.

வாங்கும்போது பின்னட்டையில் பாட்டு வரிசையைப் பாருங்கள். பிரிட்டன் பதிப்பில் ‘ஈவில் வுமன்’ இருக்கும், அது இன்னொரு குழுவின் பாட்டு. அமெரிக்கப் பதிப்பில் அதற்குப் பதில் ‘விக்கிட் வேர்ல்ட்’, இவர்களே எழுதியது. ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் அமெரிக்க வரிசையில் வந்ததை வாங்குங்கள்.