இஞ்சி பீருக்கு ஹைட்ரோமீட்டரா, பால் மீட்டரா? ரெண்டையும் ஆறு மாசம் வெச்சுப் பாத்துட்டு எழுதறேன்

மொதல்லயே சொல்லிடறேன், இது ஆன்லைன்ல 650 ரூபாக்கு வாங்கின ஹைட்ரோமீட்டர் (தண்ணில மெதக்க விட்டு அடர்த்தி பாக்கற கண்ணாடிக் குழாய்) பத்தின ரிவ்யூ தான், ஆனா இப்போ ஞாயித்துக்கிழமை ஆனா நான் கைல எடுக்கறது எங்க வேலூர் லாங் பஜார் பக்கம் பால் கேன் விக்கிற கடைல 180 ரூபாக்கு வாங்கின லேக்டோமீட்டர், அதாவது பால் அடர்த்தி பாக்கற மீட்டர். ஏன் அப்படி ஆச்சுன்னு வெவரமா எழுதறேன், வீட்ல இஞ்சி பீர் போடறவங்களுக்கு உபயோகப்படும், இனிமே போடணும்னு நெனைக்கறவங்க பாத்திரம் பாட்டில் வாங்கறதுக்கு முன்னாடியே படிச்சிடுங்க.

நான் நர்ஸ். ரெண்டு வருஷம் இங்கிலாந்துல யார்க்‌ஷையர் பக்கம் வேலை பாத்தேன். அங்க நான் வாடகைக்கு இருந்த வீட்டு அம்மா சனிக்கிழமை காலைல எழுந்ததும் பெரிய குண்டானை அடுப்புல ஏத்தி பார்லி மால்ட்டை (முளைகட்டிக் காய வெச்ச பார்லி) சுடுதண்ணில ஊற வெச்சு, வடிச்சு, கசப்புக்கு ஹாப்ஸ்னு ஒரு பூவப் போட்டுக் கொதிக்க வெச்சு பீர் காய்ச்சுவாங்க. அங்க 1963-லேர்ந்து சொந்த உபயோகத்துக்கு லைசென்ஸ் கூட வேணாம். ஒரு நோட்டு வெச்சிருப்பாங்க, எத்தன டிகிரி, எத்தன கிராம், எவ்ளோ நேரம்னு எல்லாம் அதுல இருக்கும், ஒரே ரெசிபிய ரெண்டு தடவ அப்படியே போட மாட்டாங்க, ஒவ்வொரு தடவையும் ஏதாவது ஒண்ண மட்டும் மாத்துவாங்க. ரெண்டு மாத்தினா எது வேலை செஞ்சுதுன்னு எப்படித் தெரியும்னு கேப்பாங்க. அந்தப் பழக்கம் எனக்கு ஒட்டிக்கிச்சு.

நம்ம ஊர்ல வீட்ல பீர் காய்ச்ச முடியாது, 1937 மதுவிலக்குச் சட்டம் இருக்கு. சேலத்துல ஆரம்பிச்ச மதுவிலக்கு 1939-ல நம்ம வட ஆற்காட்டுக்கும் வந்துச்சு, அப்புறம் கடைங்க தொறந்தாலும் வீட்ல சாராயமோ பீரோ தயாரிக்கறது இன்னைக்கும் குத்தம் தான். அதனால நான் போடறது இஞ்சி பீர், அதுவும் ஆல்கஹால் ஏறாம பாத்துக்கற இஞ்சி பீர். பேர்ல தான் பீர். ஆனா ஈஸ்ட் சர்க்கரைய சாப்ட்டா கேஸும் வரும் ஆல்கஹாலும் வரும், ஒண்ணு வேணும் இன்னொண்ணு வேணாம்னா நடக்காது. எங்க வீட்ல ஆயா குடிக்கறாங்க, அக்கா பையன் குடிக்கறான், ஏழு வயசு. அப்ப எவ்ளோ ஏறிச்சுன்னு எனக்குத் தெரிஞ்சே ஆகணும், நாக்குல வெச்சுப் பாத்து சொல்ற விஷயம் இல்ல இது. அதுக்குத் தான் மீட்டர்.

கணக்கு சுலபம். சுத்தத் தண்ணி 1.000. சர்க்கரை கரைஞ்சா அடர்த்தி ஏறும், ஈஸ்ட் அந்தச் சர்க்கரைய தின்னத் தின்ன எறங்கும். ஆரம்ப ரீடிங்லேர்ந்து இப்போ ரீடிங்க கழிச்சு 131.25-ஆல பெருக்கினா ஆல்கஹால் சதவீதம். 1.030-ல ஆரம்பிச்சு 1.026-க்கு வந்தா 0.004, பெருக்கினா 0.5 சொச்சம். நம்ம நாட்டு உணவுப் பாதுகாப்பு விதில 0.5-க்கு மேல போனா மதுபானம். 0.001-ஐ ஒரு பாயிண்ட்னு சொல்வாங்க, அதனால நாலு பாயிண்ட் எறங்கறதுக்கு முன்னாடியே நிறுத்தணும், நான் மூணுலயே நிறுத்தி ஃபிரிட்ஜ்ல வெச்சிடுவேன்.

இப்போ அந்த 650 ரூபா சாமான். மூணு ஸ்கேல் போட்ட ஹைட்ரோமீட்டர், பீர் வைன் ரெண்டுக்கும்னு போட்டு விக்கறாங்க, கூட ஒரு பிளாஸ்டிக் ஜாடி. மொதல் தடவ வந்ததுல உள்ள இருக்கற பேப்பர் ஸ்கேலே நழுவிக் கீழ எறங்கி இருந்துச்சு, தட்டினா ஆடுது. அந்த பேப்பர் ஒரு மில்லி மீட்டர் நகந்தாலும் ரீடிங் பூரா தப்பு. திருப்பி அனுப்பி மாத்தி வர பன்னண்டு நாள் ஆச்சு. ரெண்டாவது நல்லா வந்துச்சு. வந்ததும் குழாய்த் தண்ணில விட்டா 0.996 காட்டுது! இதுவும் கெட்டுப்போனதுன்னு நெனச்சு பேக் பண்ணவே எடுத்துட்டேன், அப்புறம் தான் தண்டுல சின்னதா 20 டிகிரின்னு எழுதியிருக்கறதப் பாத்தேன். அது சித்திரை மாசம், ஓவர்ஹெட் டேங்க் தண்ணி 35 டிகிரி. தண்ணிய ஃபிரிட்ஜ்ல வெச்சு 20-க்குக் கொண்டாந்து விட்டேன், கரெக்டா 1.000. மீட்டர் மேல தப்பில்ல, அது குளிர் ஊருக்குன்னு செஞ்சது, நம்ம வேலூர் வெயில்ல நாலு பாயிண்ட் கம்மியா காட்டும், நமக்கு இருக்கற இடமே மொத்தம் நாலு பாயிண்ட் தான்.

அதவிட பெரிய கொறை கோடுங்க. 0.990-லேர்ந்து 1.160 வரைக்கும் ஒரே தண்டுல அடைச்சிருக்காங்க, ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் 0.002. நெஜ பீர் காய்ச்சறவங்களுக்கு இது போதும், அவங்க 1.045-லேர்ந்து 1.010 வரைக்கும் எறக்குவாங்க, நடுவுல ஒரு பாயிண்ட் முன்ன பின்ன போனா ஒண்ணும் இல்ல. எனக்கு 1.030-க்கும் 1.027-க்கும் வித்தியாசம் தெரியணும், அது இதுல ஒன்றரை கோடு, ஜாடி சொவத்துல ஒட்டிக்கிட்டு நிக்கற தண்டுல ஒன்றரை கோட்ட யாரு பாத்து சொல்றது.

இத ஒரு நாள் சமையல் மேடைல வெச்சு கண்ண இடுக்கிப் பாத்துக்கினு இருந்தேன், ஆயா வந்து நின்னாங்க. ஆயா அணைக்கட்டு பக்கம் கிராமத்துல இருபது வருஷத்துக்கு மேல சொசைட்டிக்குப் பால் ஊத்தினவங்க. "இன்னாடி இது, சொசைட்டில பாலுக்கு வுடற மீட்டரு மாதிரி கீது"ன்னாங்க. அதே தான் ஆயா, தண்ணி கலந்தா மெதந்து சொல்லிடுமே அதுன்னேன். "அதுல நம்பரு இவ்ளோ பொடிசா இருக்காதே, எனக்கே நல்லா தெரியும், 28-க்குக் கீழ போனா அன்னிக்கு சண்டை தான்"னு சொல்லிட்டு போய்ட்டாங்க.

28! பால் அடர்த்தி 1.028-லேர்ந்து 1.032. அதத் தான் லேக்டோமீட்டர்ல 28, 32-ன்னு போட்டிருப்பாங்க. என் இஞ்சித் தண்ணி ஆரம்பிக்கறதும் அங்க தான். நர்சிங் மொத வருஷத்துல சிறுநீர் அடர்த்தி பாக்கற யூரினோமீட்டர் வெச்சு ரீடிங் எடுத்தவ நானு, எனக்கு இது தோணல, எழுதப் படிக்கத் தெரியாத ஆயாவுக்குத் தோணிச்சு. அடுத்த நாளே டூட்டி முடிச்சு போய் வாங்கிக்கினு வந்தேன்.

நான் வாங்கினதுல 0-லேர்ந்து 40 வரைக்கும் ஸ்கேல், ஒரு கோடு ஒரு பாயிண்ட், கோட்டுக்கு கோடு நல்ல எடவெளி, மூணு பாயிண்ட் எறங்கினா ரூம் அந்தப் பக்கத்துலேர்ந்தே தெரியுது. 27 டிகிரிக்கு கணக்கு பண்ணதுன்னு போட்டிருக்கு, இது தான் எனக்கு ரொம்பப் புடிச்சது, நம்ம ஊர் சூட்டுக்குக் கிட்டத்துல இருக்கு. 27 டிகிரி தண்ணில விட்டுப் பாத்தேன், 0-ல நின்னுச்சு. அதுக்கு மேல சுமாரா 3 டிகிரிக்கு ஒரு பாயிண்ட் கூட்டிக்கணும். ஆரம்ப ரீடிங்கும் முடிவு ரீடிங்கும் ஒரே சூட்டுல எடுத்துட்டா அந்தக் கணக்கும் வேணாம், நமக்கு வித்தியாசம் தானே முக்கியம்.

கொறைன்னா ரெண்டு. ஜாடி தனியா வாங்கணும், அடிப்பக்கம் குண்டா இருக்கறதால ஒவ்வொரு தடவையும் கால் லிட்டர் கிட்ட ஊத்த வேண்டியிருக்கு. 40-க்கு மேல இனிப்பா போட்டா ஸ்கேலுக்கு வெளிய நிக்கும், ரீடிங்கே இல்ல. லிட்டருக்கு 80 கிராம் சர்க்கரைன்னா 31 வரும், அதுக்குள்ள இருந்துக்கங்க, அதுக்கு மேல இனிப்பு எதுக்கு.

ரீடிங் எடுக்கும்போது ஒண்ணு ஞாபகம் வெச்சுக்கங்க. கேஸ் இருக்கற தண்ணில விட்டா குமிழி தண்டுல ஒட்டிக்கிட்டு மீட்டர மேல தூக்கும், அப்ப 27-ல நிக்க வேண்டியது 29-ன்னு காட்டும், இன்னும் ஏறலைன்னு நெனச்சு விட்டுடுவீங்க. டீ ஆத்தற மாதிரி ரெண்டு டம்ளர்ல மாத்தி மாத்தி பத்து தடவ ஆத்துங்க, நுரை அடங்கினதும் ஜாடில ஊத்தி, மீட்டர விட்டு ஒரு சுத்து சுத்தி விட்டு, கண்ண தண்ணி மட்டத்துக்கு எறக்கி, வளைவோட அடில பாருங்க. பாத்த தண்ணிய திரும்ப பாட்டில்ல ஊத்தாதீங்க, குடிச்சிடுங்க.

அடுத்து, வைகாசில ஒரு ஞாயித்துக்கிழமை. ரெண்டு மீட்டரையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு சோதிக்கணும்னு முடிவு பண்ணேன். நேதாஜி மார்க்கெட்ல நல்ல நாரு இஞ்சியா கால் கிலோ, தோல் சீவாம கழுவித் துருவினேன், குழாய்ல வர்ற தண்ணில குளோரின் இருக்கறதால மொத்தத்தையும் கொதிக்க வெச்சு ஆற விட்டேன். மூணு எவர்சில்வர் குண்டான், ஒவ்வொண்ணுலயும் 2 லிட்டர், ஒவ்வொண்ணுலயும் 160 கிராம் இனிப்பு. ஒண்ணுல வெள்ள சர்க்கரை, ஒண்ணுல கரும்பு வெல்லம், ஒண்ணுல பனை வெல்லம். அத மட்டும் தான் மாத்தினேன், எலுமிச்சம்பழம், ஸ்டார்ட்டர் எல்லாம் ஒரே அளவு. ஸ்டார்ட்டர்னா இஞ்சியும் சர்க்கரையும் தெனம் ஒரு ஸ்பூன் போட்டு நாலஞ்சு நாள் மூடாம துணி கட்டி வெச்சா நுரைச்சுக்கிட்டு வரும் பாருங்க, அது. இஞ்சித் தோல்ல இருக்கற ஈஸ்ட்டே போதும், கடைல வாங்க வேணாம்.

ஆரம்பத்துல பால் மீட்டர்ல சர்க்கரை 31, கரும்பு வெல்லம் 28, பனை வெல்லம் 27. வெல்லத்துல ஈரம் இருக்கு, அதனால அதே எடைக்கு கொஞ்சம் கம்மி. காலி கூல்ட்ரிங்க்ஸ் பாட்டில்ல ஊத்தி மூடி வெச்சேன். பதினெட்டு மணி நேரம் கழிச்சு, அடுப்படி 34 டிகிரி, பாட்டில அமுக்கிப் பாத்தா சர்க்கரை பாட்டில் கொஞ்சம் அமுங்குது, கரும்பு வெல்லப் பாட்டில் கல்லு மாதிரி. சர்க்கரை 29. பனை வெல்லம் 25. கரும்பு வெல்லம் 24. நாலு பாயிண்ட், எல்லைய தாண்டிடுச்சு! வெல்லத்துல இருக்கற சத்துல ஈஸ்ட் எகிறுது. 650 ரூபா மீட்டர்ல பாத்தா வெல்லம் ரெண்டும் ஒரே எடத்துல நிக்கற மாதிரி இருந்துச்சு, நான் அத நம்பியிருந்தா கரும்பு வெல்லத்த பையனுக்கு ஊத்திக் குடுத்திருப்பேன். அத கொட்டிட்டேன். ருசின்னா அது தான் மூணுலயும் நல்லா இருந்துச்சு, அது வேற வருத்தம். இப்போ வெல்லம் போட்டா பன்னண்டு மணி நேரத்துலயே பாத்துடுவேன்.

கண்ணாடி பாட்டில் பத்தி ஒரு வார்த்தை. கம்பி க்ளிப் மூடி போட்ட சதுர பாட்டில் அழகா இருக்கேன்னு வாங்கி வெச்சேன், கோடைல ஒண்ணு வெடிச்சு அலமாரி பூரா கண்ணாடி. நல்ல வேளை நான் டூட்டில இருந்தேன், ஆயா கோயிலுக்குப் போயிருந்தாங்க. சதுரத்துல மூலைங்க அழுத்தம் தாங்காது. பிளாஸ்டிக் கூல்ட்ரிங்க்ஸ் பாட்டில் அதுக்குன்னே செஞ்சது, அமுக்கிப் பாத்தாலே உள்ள எவ்ளோ இருக்குன்னு சொல்லிடும். சோடா அளவுக்கு கேஸ் எதிர்பாக்காதீங்க, நாலு பாயிண்ட் முழுசா எறங்கினா கூட லிட்டருக்கு ரெண்டு லிட்டர் வாயு தான் வரும், பன்னீர் சோடாக்கு கிட்ட கூட வராது. ஆனா நாக்குல மெல்லிசா சுர்ருன்னு ஏறும், அது தனி சொகம்.

அந்த யார்க்‌ஷையர் அம்மா ஞாபகத்துல கேவுருல மால்ட் செஞ்சு பாத்தேன். ஒரு ராத்திரி ஊற வெச்சு, ரெண்டு நாள் துணில கட்டி முளை விட்டு, காய வெச்சு, லேசா வறுத்து அரைச்சது. சாதா கேவுரு மாவுல கூழ் காய்ச்சி 65 டிகிரிக்கு ஆற விட்டு அந்த முளை மாவ ஒரு கைப்பிடி போட்டுக் கெளறினேன், பத்து நிமிஷத்துல கெட்டிக் கூழு தண்ணியா எளகிடுச்சு! கரண்டில நின்னது வழிஞ்சு ஓடுது. முளைல இருக்கற நொதி மாவுச்சத்த உடைச்சு சர்க்கரையாக்குது, பார்லில நடக்கறதும் இது தான், கைக்கொழந்தைங்க கூழ எளக்கறதுக்கு முளைகட்டின மாவு சேக்கச் சொல்றதும் இதுக்குத் தான். தட்டுல ஒரு சொட்டு எடுத்து டிஞ்சர் அயோடின் விட்டேன், கருநீலம், மாவு இன்னும் இருக்கு. ஒரு மணி நேரம் கழிச்சு அதே மாதிரி விட்டேன், அயோடின் நெறம் மாறாம பழுப்பாவே நின்னுச்சு. வடிகட்டி பால் மீட்டர விட்டா 24. ஒரு ஸ்பூன் சர்க்கரை போடாம 24! ஹாப்ஸ் கசப்புக்கு பதிலா நார்த்தங்காய் தோல் கொஞ்சம் கொதிக்க வெச்சு சேத்தேன். இத புளிக்க வெக்கல, அன்னிக்கே ஐஸ் போட்டு குடிச்சிட்டோம். ஆயா ரெண்டாவது டம்ளர் கேட்டு வாங்கிக் குடிச்சாங்க, நார்த்தங்காய் மட்டும் இன்னும் கம்மியா போடுன்னாங்க, கரெக்ட் தான், கசப்பு தூக்கலா இருந்துச்சு.

650 ரூபா மீட்டர தூக்கிப் போடல, 40-க்கு மேல போற சர்க்கரை பாகு, பழச்சாறு பாக்க அதான் வேணும், அந்த வேலைய ஒழுங்கா செய்யுது. ஆனா இஞ்சி பீருக்குன்னு ஒண்ணு வாங்கறீங்கன்னா பால் சாமான் விக்கிற கடைக்குப் போய், 0-லேர்ந்து 40 ஸ்கேல், 27 டிகிரின்னு கேட்டு வாங்குங்க. கடைலயே வெளிச்சத்துல தூக்கிப் புடிச்சு உள்ள பேப்பர் ஆடுதான்னு பாத்துட்டு காசு குடுங்க.

இப்போ அடுப்படில பனை வெல்லத்தோட சுக்கு தட்டிப் போட்ட பாட்டில் ரெண்டு இருக்கு. காலைல 28, சாயந்திரம் 26. ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னாடி இன்னொரு தடவ பாத்துட்டு ஃபிரிட்ஜ்ல வெக்கணும்.