வெர்சாய் பந்தாட்டக் கூடம்: அவசியம் காண வேண்டிய இடம்

பிரான்சின் வெர்சாய் அரண்மனையைக் காண வருவோர் பலரும் தவறவிடும் இந்தக் கூடத்தில்தான், பிரெஞ்சுப் புரட்சியின் தொடக்கத்தில், 1789 ஜூன் 20 அன்று, தங்கள் மண்டபம் பூட்டப்பட்டிருக்கக் கண்ட தேசிய சபைப் பிரதிநிதிகள், அரசியலமைப்பு உருவாகும்வரை கலைவதில்லை என உறுதியேற்றனர். உறுதிமொழியை வாசித்த சபைத் தலைவர் பாயியின் சிலையும், ஓவியர் டாவிடின் வரைபடத்தைத் தழுவிய மாபெரும் சுவரோவியமும் இங்கே உள்ளன.

ஓவியத்தின் வலது ஓரத்தில், கைகளை மார்போடு கட்டிக்கொண்டு அமர்ந்திருக்கும் மார்த்தேன் தோஷ் என்ற பிரதிநிதியை நின்று பாருங்கள். மன்னரின் ஒப்புதல் இல்லாத தீர்மானத்துக்குக் கட்டுப்பட மறுத்தவர் அவர் ஒருவரே. மன்னருக்குத் தடையதிகாரம், அதாவது சபை இயற்றும் சட்டங்களை மறுத்து நிறுத்தும் அதிகாரம், வேண்டுமா என்று அதே ஆண்டு செப்டம்பரில் மூண்ட சர்ச்சையின் வித்து எனக்கு அந்த உருவத்தில்தான் தெரிந்தது. 1791 அரசியலமைப்பு, சட்டங்களைச் சில காலம் மட்டும் நிறுத்திவைக்கும் தற்காலிகத் தடையதிகாரத்தை மன்னருக்கு வழங்கியது. ஆயினும் ஓராண்டு நிறையுமுன், 1792 ஆகஸ்டில், மன்னரின் அதிகாரமே பறிபோயிற்று. இவற்றைப் படித்துவிட்டுச் செல்வோருக்கு, அரண்மனையின் புகழ்பெற்ற கண்ணாடி மண்டபத்தைவிட இந்தக் கூடமே மிகுந்த நிறைவளிக்கும்.