விடுதி அறைப் பதிவில் போஸ்ட்கிரெஸ் ரேஞ்ச்: சில ஆண்டு அனுபவம்

தங்கும் விடுதிகளுக்கான அறைப் பதிவு மென்பொருளில் போஸ்ட்கிரெஸ்கியூஎல் என்ற டேட்டாபேஸின் ரேஞ்ச் வகையை, அதாவது தொடக்கத்தையும் முடிவையும் ஒரே மதிப்பாகச் சேமிக்கும் வகையை, சில ஆண்டுகளாகப் பயன்படுத்திவருகிறேன். 2012இல் 9.2 பதிப்போடு வந்த வசதி இது. வரும் தேதிக்கு ஒன்று, போகும் தேதிக்கு ஒன்று என இரண்டு நெடுவரிசைகளை வைத்துக்கொண்டு மல்லாடுகிறவர்கள் தயங்காமல் இதற்கு மாறலாம்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது, எல்லைகளைப் பற்றி நாம் ஒன்றும் சொல்லாதபோது அது எடுக்கும் முடிவு: தொடக்கம் உள்ளே, முடிவு வெளியே. எழுதும்போது ‘[’ என்றால் அந்தத் தேதி சேரும், ‘)’ என்றால் சேராது. ஒரே அறைக்கு [2024-05-10,2024-05-13), [2024-05-13,2024-05-15) என்று இரண்டு பதிவுகள் இருந்தால் மோதல் இல்லை. 13ஆம் தேதி காலையில் ஒருவர் காலி செய்கிறார். மதியம் அடுத்தவர் சாவி வாங்குகிறார். 13இல் 10ஐக் கழித்தால் மூன்று இரவு வாடகை. ஒன்றைக் கூட்டுவதா குறைப்பதா என்ற குழப்பமே எழாது. பிட்ரீ ஜிஸ்ட் என்ற கூடுதல் நீட்சியோடு, ஒன்றோடொன்று மோதும் பதிவுகளைத் தடுக்கும் எக்ஸ்க்ளூஷன் கட்டுப்பாட்டையும் போட்டுவிட்டால், இரு பணியாளர்கள் ஒரே நேரத்தில் ஒரே அறையைப் பதிய முயன்றாலும் ஒன்றை டேட்டாபேஸே மறுத்துவிடும்.

தேதி ரேஞ்சில் [2024-05-10,2024-05-12] என்று இரு முனைகளையும் சேர்த்து எழுதினாலும் முடிவை 13ஆக்கி, வழக்கமான வடிவத்திலேயே சேமித்துக்கொள்கிறது. நேரத்தோடு கூடிய ரேஞ்சில் இந்த மாற்றம் நடக்காது.

இரண்டு இயல்புகள் மட்டும் எனக்கு உடன்பாடில்லாதவை. போகும் தேதி ‘நல்’ ஆக, அதாவது மதிப்பே இல்லாமல் வந்தால், முடிவே இல்லாத ரேஞ்ச் உருவாகிறது; அந்த அறையை அதன்பின் யாருக்கும் கொடுக்க முடியாது. தேதி தெரியாது என்பதும் முடிவே கிடையாது என்பதும் எப்படி ஒன்றாகும்? அடுத்தது, வரும் தேதியும் போகும் தேதியும் ஒன்றாக இருந்தால் பிழை எதுவும் வராமல், ஒரு நாளும் அடங்காத வெற்று ரேஞ்ச் பிறக்கிறது. வெற்று ரேஞ்ச் எதனோடும் மோதாது. ஆகவே எக்ஸ்க்ளூஷன் கட்டுப்பாட்டைத் தாண்டி எத்தனை வேண்டுமானாலும் உள்ளே நுழையும். தேதிகள் தலைகீழாக வந்தால் மட்டும் உடனே பிழை காட்டுகிறது. அந்தக் கண்டிப்பு இங்கேயும் இருந்திருக்க வேண்டும்.

2025இல் வந்த 18ஆம் பதிப்பின் ‘வித்தவுட் ஓவர்லாப்ஸ்’ சாவிகள் (ஒரே அறைக்கு ஒன்றின்மேல் ஒன்று விழும் ரேஞ்சுகளைத் தடுக்கும் டேட்டாபேஸ் விதிகள்) வெற்று ரேஞ்சை ஏற்பதில்லை, மனமார வரவேற்கிறேன். பழைய முறையில் இருப்பவர்கள் செக் கட்டுப்பாடு (மதிப்பைச் சோதிக்கும் நிபந்தனை) எழுதி வெற்று ரேஞ்சையும் முடிவற்ற ரேஞ்சையும் தடுத்துவிடுங்கள். ‘இன்ஃபினிட்டி’ (முடிவிலி) என்ற தேதி மதிப்பு முடிவற்றது என்ற கணக்கில் சேராது. அதற்குத் தனி நிபந்தனை வேண்டும்.