டிரைடென்ட் ஸ்டுடியோவா, சென்ட்ரல் பார்க் மேடையா?

மகாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ரா என்ற ஜாஸ்-ராக் குழுவின் முதல் அணி 1971இல் சேர்ந்து 1973 கடைசியில் கலைந்துவிட்டது. கிடாரில் ஜான் மெக்லாஃப்லின், டிரம்ஸில் பில்லி காபம், கீபோர்டில் யான் ஹாமர், வயலினில் ஜெரி குட்மன், பேஸ் கிடாரில் ரிக் லேர்ட். ஜாஸும் ராக்கும் சேர்ந்தால் எவ்வளவு தூரம் போகலாம் என்று இந்த ஐந்து பேரும் காட்டியது இரண்டரை வருஷத்துக்குள்தான்.

1973 ஜூனில் லண்டன் டிரைடென்ட் ஸ்டுடியோவில் மூன்றாவது ஆல்பத்துக்காகப் பதிவு செய்தார்கள். அதற்குள் குழுவுக்குள் மனக்கசப்பு முற்றிவிட்டதால் அது வெளிவரவில்லை. பதிலுக்கு, ஆகஸ்ட்டில் நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் வாசித்த கச்சேரி 'பிட்வீன் நத்திங்னெஸ் அண்ட் எடர்னிட்டி' என்று அந்த வருஷமே வந்தது. ஸ்டுடியோ நாடாக்கள் கால் நூற்றாண்டு கிடங்கில் கிடந்து, 1999இல் 'தி லாஸ்ட் டிரைடென்ட் செஷன்ஸ்' ஆனது. மேடை ஆல்பத்தில் இருக்கும் மூன்று உருப்படிகளும் இதிலும் உண்டு. அதே ஐந்து பேர், அதே இசை, நடுவில் இரண்டு மாதம்தான். ஒப்பிட்டுக் கேட்க இப்படி ஒரு ஜோடி அமைவது அபூர்வம்.

'டிரிலஜி'யில் என் ஓட்டு ஸ்டுடியோவுக்கு. மூன்று பகுதிகள் ஒன்றுக்குள் ஒன்றாக நகரும் இசை இது. அமைதியான இடங்களில் ஒவ்வொரு வாத்தியமும் தனியாகக் காதில் விழ வேண்டும். திறந்தவெளிப் பதிவில் லேர்டின் பேஸ் அடியில் அமுங்கிப்போகிறது. ஸ்டுடியோவில் அது தெளிவாகக் கேட்கிறது. மற்ற நான்கு பேரும் பறக்கும்போது தாளத்தைத் தரையில் பிடித்து வைத்திருப்பவர் அவர்தான் என்பதே எனக்கு இந்த ஆல்பத்தைக் கேட்ட பிறகுதான் புரிந்தது.

ஹாமர் எழுதிய 'சிஸ்டர் ஆன்ட்ரியா' மெதுவான ஃபங்க், அதாவது தாளக்கட்டை முன்னால் வைக்கும் ஆட்ட இசை. இரண்டிலும் நன்றாகவே இருக்கிறது. கச்சிதம் பிடித்தவர்களுக்கு ஸ்டுடியோ.

ஆனால் 'ட்ரீம்' விஷயம் வேறு. ஸ்டுடியோவில் சுமார் 11 நிமிஷம். மேடையில் 21 நிமிஷத்துக்கு மேல், இசைத்தட்டின் ஒரு பக்கம் முழுக்க அதுதான். கூடுதலான பத்து நிமிஷம் வெறும் நீட்டல் இல்லை. ஸ்டுடியோ வடிவம் இசையின் வரைபடத்தைக் காட்டுகிறது என்றால், மேடையில் அந்த வழியிலேயே நடந்து போகிறோம். கிடாரும் வயலினும் ஹாமரின் 'மூக்' என்ற மின்னணு சிந்தசைசரும் மாறி மாறிப் பிடுங்கிக்கொள்கின்றன. ஹாமர் சுரங்களை வளைக்கும் விதத்தில் எது கிடார், எது மூக் என்றே சில நொடிகள் பிடிபடாது. அப்புறம் மெக்லாஃப்லினும் காபமும் மட்டும் நேருக்கு நேர் நிற்கிறார்கள். ஒருவர் வேகம் கூட்ட, மற்றவர் விடாமல் துரத்துகிறார். தனி ஆவர்த்தனத்தில் கேள்வியும் பதிலும் சுருங்கிச் சுருங்கி நெருங்கி வரும்போது சபையில் நிமிர்ந்து உட்காருவோமே, அந்த நிலைதான். மெக்லாஃப்லின் எழுபதுகளில் அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் எஸ். ராமநாதனிடம் வீணை கற்றவர். வயலின் கலைஞர் எல். சங்கர், கடம் வித்வான் விக்கு விநாயக்ராம் ஆகியோரோடு அவர் அமைத்த சக்தி குழுவின் முதல் ஆல்பமும் 1975இல் மேடையில் பதிவானதுதான்.

ஸ்டுடியோ ஆல்பத்துக்கு இன்னொரு பலம் உண்டு. முதல் இரண்டு ஆல்பங்களிலும் எல்லாம் மெக்லாஃப்லின் எழுதியவை. இங்கே குட்மனின் 'ஐ வொண்டர்', லேர்டின் 'ஸ்டெப்பிங்ஸ் டோன்ஸ்' இரண்டும் இருக்கின்றன. சின்ன உருப்படிகள்தான். ஆனாலும் மற்றவர்களும் எழுத இடம் கேட்டது சச்சரவின் ஒரு காரணம் என்று தெரிந்தபின் கேட்டால் மனசு கனக்கிறது. நல்ல குழு இன்னும் பரந்த குழுவாக மாறிக்கொண்டிருந்த நேரத்தில் உடைந்துவிட்டது.

ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் மேடை ஆல்பத்தையே சொல்வேன். ஒலி கொஞ்சம் கரடுமுரடு, சரி. ஆனால் பிரியப்போகும் ஐந்து பேர் மேடையில் மட்டும் ஒருவர் சொல்வதை ஒருவர் அவ்வளவு கூர்ந்து கேட்கிறார்கள். முதல் தடவை 'ட்ரீம்' பக்கத்திலிருந்து தொடங்குங்கள், ஹெட்ஃபோன் வேண்டாம், ஸ்பீக்கரில், சத்தமாக. டிரைடென்ட் பதிவை மறுநாள் ராத்திரி கேட்கலாம்.