விளக்கு ஏந்துன பொண்ணு படத்தை போட்டோவா எடுக்க: நிஜ தீபமா, எல்இடியா, ஃப்ளாஷா?

மைசூர் ஜெகன்மோகன் அரண்மனைக்குப் போனவங்க அந்தப் படத்தை மறந்திருக்க மாட்டீங்க, ஒரு கையில விளக்கு, அது அணையாம இன்னொரு கையால மறைச்சுப் பிடிச்சிருக்கிற பொண்ணு. நிறைய பேர் இதை ரவிவர்மா படம்னே நினைக்கிறாங்க. அவரு 1906லயே இறந்துட்டாரு, இது கிட்டத்தட்ட 40 வருஷம் கழிச்சு எஸ்.எல். ஹல்தங்கர் தன் மகளையே நிக்க வச்சு வரைஞ்சது, அதுவும் வாட்டர்கலர்ல. வாட்டர்கலர்ல இப்படி ஒரு வெளிச்சமான்னு இன்னிக்கும் எனக்கு ஆச்சரியம்தான்.

போன மாசம் அக்கா பொண்ணை இதே மாதிரி நிக்க வச்சு போட்டோ எடுத்தேன், மூணு வழியும் முயற்சி பண்ணிட்டு கடைசியில எல்இடிக்கு வந்தேன்.

நிஜ தீபத்தோட அழகே தனி, அதை மறுக்கவே மாட்டேன். ஆனா வெளிச்சம் ரொம்பக் கம்மி, லென்ஸை எஃப்/2ன்னு அகலமா திறந்து, ஷட்டரை 1/60 செகண்ட் வச்சாலே ஐஎஸ்ஓ (கேமரா வெளிச்சத்தைக் கூட்டிக் காட்டுற அளவு, ஏத்த ஏத்த படம் புள்ளி புள்ளியா வரும்) 6400 வரைக்கும் போகணும், சுடர் வேற ஆடிக்கிட்டே இருக்கும். சின்தெடிக் புடவை கட்டி முடியை விரிச்சு விட்டிருந்தா தீபத்தை வைக்கவே வைக்காதீங்க.

ஃப்ளாஷ் நான் ஒரே ஒரு சாயங்காலம்தான் பார்த்தேன், அதனால உறுதியா சொல்ல மாட்டேன். ஆரஞ்சு ஜெல் (நிறம் மாத்துற கலர் பிளாஸ்டிக் தாள்) ஒட்டி கீழே இருந்து அடிச்சேன், முகம் ஷார்ப்பா வந்துச்சு, ஆனா நிழல் விழுற இடம் விளக்குல இருந்து வர்ற மாதிரி இல்ல. கைதேர்ந்தவங்க சரி பண்ணிடுவாங்களோ என்னவோ.

சரி, எல்இடி ஏன்னா, எல்லாமே அந்த விரல்தான். படத்துல வெளிச்சம் கையை ஊடுருவி விரல் சிவப்பா ஒளிருதுல்ல, அதுதான் படத்தோட உயிர். டார்ச்சை உள்ளங்கையில அழுத்திப் பாருங்க, ரத்தம் மத்த நிறத்தையெல்லாம் உறிஞ்சிட்டு சிவப்பை மட்டும் விடும். அதுக்கு பிரகாசமான லைட் விரலுக்கு ரொம்பக் கிட்ட இருக்கணும், தீபத்துல அவ்வளவு கிட்ட கையைக் கொண்டு போனா சுட்டுடும், ஃப்ளாஷை தூரத்துல இருந்து அடிச்சா விரலுக்குள்ள ஒண்ணுமே நடக்காது. சின்ன 3 வாட் வார்ம் (மஞ்சள் வெளிச்சம்) எல்இடி பல்பை விளக்குக் குழியில வச்சதும் ஐஎஸ்ஓ 400க்கு இறங்கிடுச்சு, விரலும் ஒளிர ஆரம்பிச்சுது! பல்பு சூடாகும்தான், அதனால விரலை ஒட்டாம, நடுநடுவுல அணைச்சுட்டு எடுங்க. மலிவான பல்புல சிவப்பு கம்மியா இருக்கும், நான் முதல்ல வாங்கினதுல விரல் மண் கலர்ல வந்துச்சு, சிஆர்ஐ (நிறங்களை எவ்வளவு இயல்பா காட்டுதுங்கிற மதிப்பு) 95க்கு மேல பார்த்து மாத்தினதும்தான் சரியாச்சு. பல்பு வாங்கும்போது வாட் எவ்வளவுங்கிறதை விட இதைத்தான் பாக்கணும்.

வொயிட் பேலன்ஸை (எந்த வெளிச்சத்தை வெள்ளையா எடுத்துக்கணும்னு கேமராவுக்குச் சொல்ற செட்டிங்) ஆட்டோல விடாதீங்க, கேமரா ஆரஞ்சையெல்லாம் வெள்ளையாக்கிடும். நான் 4000 கெல்வின்ல பூட்டி வச்சேன், முகத்துல அந்த விளக்கு நிறம் அப்படியே நின்னுச்சு. அப்புறம் விரல்களை நெருக்கமா சேர்த்து வைக்கச் சொல்லுங்க, இடைவெளி இருந்தா பல்பு நேரா லென்ஸ்ல அடிச்சு சிவப்பே தெரியாம போயிடும், எங்களுக்கு முதல் இருபது படம் அப்படித்தான் போச்சு.