நானோ குழாயா, நானோ குழியா: எலும்புக்கு எந்தப் பரப்பு?

மருந்து சேர்க்காமல், பரப்பின் மேடுபள்ளத்தால் மட்டும் ஸ்டெம் செல்லை (வேறு வகைச் செல்லாக மாறக்கூடிய மூலச் செல்லை) எலும்புப் பக்கம் திருப்ப இரண்டு வழிகள் பேர்பெற்றவை. 2007-இல் கிளாஸ்கோவில் ஆய்வாளர் டால்பியின் குழு பிளாஸ்டிக்கில் 120 நானோமீட்டர் அகலக் குழிகளைப் பதித்தது. இடைவெளி 300 நானோமீட்டர். வரிசை சற்றுக் கலைந்திருந்தபோதுதான் எலும்புச் செல் வந்தது. 2009-இல் சான் டியேகோவில் டைட்டானியத்தின் மேல் நானோ குழாய்கள் வளர்த்தார்கள். 30 நானோமீட்டரில் செல் நன்றாக ஒட்டியது. 70 முதல் 100-இல் நீண்டு, எலும்புச் செல்லாக மாறத் தொடங்கியது.

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் செல் வளர்க்கச் சோதனைத் தட்டு செய்யப் போகிறவர்களுக்கு நாங்கள் சொல்வது குழாய்தான். குழிக்கு எலக்ட்ரான் கற்றையால் அச்சு செதுக்க வேண்டும்; செலவைச் சொல்லவே வேண்டாம். திருகாணி மாதிரி வளைந்த இம்பிளான்டில் (உடலில் பொருத்தும் பாகத்தில்) அந்த அச்சைப் பதிக்கவும் முடியாது. குழாய்க்கு டைட்டானியத் தட்டை அமிலத்தில் வைத்து மின்சாரம் செலுத்தினால் சரி: 0.5 சதவீத ஹைட்ரோஃபுளோரிக் அமிலம், பிளாட்டினம் எதிர்முனை, 30 நிமிடம் போதும். 5 வோல்ட் 30 நானோமீட்டர் தரும், 20 வோல்ட் 100 தரும். பிறகு 500 டிகிரியில் 2 மணி நேரச் சூடு. கண்ணாடிப் பாத்திரம் வேண்டாம், அமிலம் அரித்துவிடும், பாலிபுரொப்பிலீன் எடுங்கள். அமிலம் தோலில் பட்டால் தடவ, கால்சியம் குளுக்கோனேட் களிம்பு கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.

எங்கள் முடிவைத் தீர்மானித்தது கிருமிநீக்கம். குழி பதிக்கும் பாலிகேப்ரோலாக்டோன் என்ற பிளாஸ்டிக் 60 டிகிரியிலேயே உருகும், நீராவியால் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவ் 121-இல் ஓடுகிறது. உள்ளே வைத்தால் குழி இருந்த சுவடே இருக்காது. எத்தனாலில் கழுவலாம், ஆனால் அதற்கு பாக்டீரியா வித்துக்கள் சாகாது. நானோ குழாய்கள் டைட்டானியம் ஆக்சைடால் ஆனவை; அதுவோ புற ஊதா ஒளி பட்டாலே தன் மேல் படிந்த கரிமப் பிசுக்கைத் தானே சிதைத்துக்கொள்ளும், பரப்பு மறுபடி நீரை ஈர்க்கும். கடற்கரை ஊரில் சில வாரம் கிடந்த தட்டுக்கு இது பெரிய உதவி. ஆனால் சூடேற்றாத குழாயை நீராவியில் வைக்காதீர்கள், அதன் அமைப்பு மாறும்.

ஒரு சிக்கலை மறைக்கக் கூடாது. ஜெர்மனியின் எர்லாங்கன் குழு எலியின் ஸ்டெம் செல்லில் 15 நானோமீட்டரே சிறந்தது, 100-இல் செல் சாகிறது என்றது. செல் பரப்பைப் பற்றப் பயன்படும் இன்டெக்ரின் என்ற புரதங்கள் ஏறக்குறைய 70 நானோமீட்டருக்குள் நெருங்கி இருந்தால்தான் பிடி இறுகும். அகன்ற குழாயில் விளிம்பு மட்டுமே கிடைக்கிறது. அதனால் ஒரே அளவை நம்பாமல், 5 வோல்ட் தட்டையும் 20 வோல்ட் தட்டையும் மெருகேற்றிய வெறும் தட்டோடு சேர்த்து ஓட்டுங்கள். உடலுக்குள் கணக்கு வேறு: ஜோகன்னஸ்பர்க்கில் ஆய்வாளர் ரிபமொன்டி பபூன் குரங்குகளில் எலும்பு வளர்த்துக் காட்டியது நானோ அளவில் அல்ல, அதைவிடப் பல மடங்கு பெரிய, ஹைட்ராக்சியபடைட் என்ற எலும்புக் கனிமத்தால் ஆன குழிவுகளில்.